ஆறாவது கேள்வி

உன்யார்கா
2 அக்டோபர் 1994

அன்புத் தங்கை மாரித்துக்கு அக்கா ராவ்னா எழுதுவது.

நானும் பேரப்பிள்ளைகள் நாலு பேரும் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் வருவதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அதையும் சுகத்தில்தான் சேர்த்திருக்கிறேன், வானொலிக்காரனைவிட அது சரியாகச் சொல்கிறதே. ஓஸ்லோவில் நீயும் மாப்பிள்ளை ஹாகோனும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு விஷயம். நம் ஊர் விடுதியை நடத்தும் கிரேத்தா இந்தக் குளிர்காலத்தில் புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறாள். வெளிநாட்டு விருந்தாளிகளை பஸ்ஸில் ஏற்றி ஒரு பகல் முழுக்க ஊர் சுற்றிக் காட்டுவது. காலையில் கடற்கழியில் பறவைகள், மதியம் மேட்டில் பனிமான்கள், பிறகு கூடாரத்தில் நெருப்பு மூட்டிச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ராவ்னா, நீங்க நம்ம பரம்பரை நீல உடுப்பைப் போட்டுக்கிட்டு நெருப்புக்கிட்ட உக்காந்து குழம்பைக் கிண்டினா போதும். பேசவே வேண்டாம். படம் எடுப்பாங்க, சிரிங்க."

"பேசுறது யாரு?"

"தெக்கேயிருந்து ஸ்டெய்னார்னு ஒருத்தர் வர்றார். பறவைங்களைப் பத்திப் படிச்சுப் பட்டம் வாங்கினவர்."

"நம்ம கடற்கரையை எப்பப் பாத்தாராம்?"

"அடுத்த மாசம் வந்து பாப்பார்," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து மைக்கில் பேச வேண்டுமென்றால் வழிகாட்டி உரிமம் வேண்டுமாம். நவம்பரில் பரீட்சை. "அஞ்சாம் வகுப்புப் படிச்சவங்க எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதலாம், ஆனா..." என்று இழுத்தாள். அவள் இழுத்து முடிப்பதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு அந்த முன் இருக்கை வேண்டும் மாரித். அறுபத்தொரு வருஷம் இந்தக் கழியைப் பார்த்தவள், பின்னால் பானையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போக மாட்டேன். பரீட்சை என்றால் என்ன செய்வார்கள் என்று எழுது. நீதானே வீட்டில் வாத்தியார்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.
அக்கா ராவ்னா


ஓஸ்லோ
14 அக்டோபர் 1994

என் அக்காவுக்கு மாரித்தின் வணக்கங்கள். நாங்கள் இருவரும் நலம். ஹாகோன் உன் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தார். "மைக்கை ஒரு தரம் கையில குடுத்துட்டா அப்புறம் உங்கக்காகிட்டேருந்து யார் வாங்குறது?" என்றார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அல்ல. உன் பள்ளிக்கூடத்தைப் போரில் எரித்தார்கள். அதை யாரிடமும் தலை குனிந்து சொல்லாதே.

இனி என் கேள்விகள். பரீட்சை எத்தனை மணி நேரம்? எத்தனை கேள்வி? எழுத்துத் தேர்வு மட்டுமா? மூக்குக்கண்ணாடியை மாற்றினாயா, இல்லை, செத்துப்போன அத்தானின் கண்ணாடியைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாயா? பெரிய எழுத்தில் எழுதுகிறாயா? ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் நடுவே இடம் விடுகிறாயா? தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுவாயா? அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட மாட்டாயே?

ஒரே ஒரு விதி: எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதே. தெரியாவிட்டாலும் ஏதாவது எழுது. வெற்றுத் தாளுக்கு மதிப்பெண் போட எந்த வாத்தியாராலும் முடியாது.

இரண்டு பேனா அனுப்பியிருக்கிறேன்.
அன்புடன்
மாரித்


உன்யார்கா
20 நவம்பர் 1994

தங்கை மாரித்துக்கு. இங்கே எல்லோரும் நலம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பேனாக்கள் வந்தன.

பரீட்சை முடிந்தது. பக்கத்து வீட்டு ஆந்தராஸ்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனான். பஸ் ஓட்டப்போவதும் அவன்தான். வழியெல்லாம் கிண்டல். "ராவ்னாக்கா, பெயிலானா அழுவியா? கைக்குட்டை எடுத்துக்கிட்டியா?" என்றான். "நீ லைசென்ஸ் வாங்க நாலு தரம் போனியே, அந்தக் கைக்குட்டை இருந்தா குடு," என்றேன்.

கூடத்தில் அப்படிச் சூடேற்றி வைத்திருந்தார்கள், ரொட்டி வேகும். மொத்தம் ஆறு கேள்வி. நீ அனுப்பிய இரண்டு பேனாவும் வழியிலேயே உறைந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஸ்டெய்னார்தான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். நாற்பது வயது இருக்கும். கெட்டவன் இல்லை. இந்தக் குளிரில் காதை மூடாமல் நடக்கிறான், அவ்வளவுதான்.

முதல் கேள்வி, ஒருவர் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது. இரண்டாவது, மான் கூட்டத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்பது. மூன்றாவது, பனிக்கட்டி தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது. நாலாவது, நெருப்பை எங்கே மூட்டுவது, எப்படி அணைப்பது. ஐந்தாவது, விருந்தாளிகள் தங்களுக்குள் சண்டை போட்டால் என்ன செய்வது. இதற்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். நாலு பிள்ளை வளர்த்தவளுக்கு இது ஒரு கேள்வியா?

இங்கே பனி முழங்கால் வரை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு உலர்ந்த இறைச்சி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், நம் வழக்கப்படி காப்பியில் போட்டுச் சாப்பிடச் சொல்.

அக்கா ராவ்னா


ஓஸ்லோ
1 டிசம்பர் 1994

அக்காவுக்கு. பொட்டலம் வந்து சேர்ந்தது. ஹாகோன் சாப்பிட்டார். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அக்கா, நான் முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்தியவள். மொத்தம் ஆறு கேள்வி என்று எழுதிவிட்டு ஐந்துக்குத்தான் கதை சொல்லியிருக்கிறாய். ஆறாவது என்ன? அதற்கு என்ன எழுதினாய்? முடிவு வந்துவிட்டதா? வந்தும் சொல்லாமல் இருக்கிறாயா?

மாரித்


உன்யார்கா
28 டிசம்பர் 1994

தங்கைக்கு. பண்டிகை நல்லபடியாகப் போயிற்று. பேரப்பிள்ளைகள் வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் பண்டிகை எப்படி?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தோற்றுப்போனேன்.

ஆறாவது கேள்வி இதுதான்: "மார்ச் மாதத்தில் ஒரு நாள். உங்கள் விருந்தாளிகள் அன்று எந்தெந்தப் பறவைகளையும் விலங்குகளையும் எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள்? வரிசைப்படுத்தி எழுதுக." முப்பது மதிப்பெண்.

நீயே சொல். போவதற்கு முன்னால், பறவையோ விலங்கோ, அவர்கள் பெயரைச் சொல்கிற பழக்கம் நம் வீட்டில் உண்டா? அப்பா வலையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எங்கே, எதற்கு என்று அம்மா ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? "சும்மா அந்தப் பக்கம் போயிட்டு வர்றேன்," என்பார். திரும்பி வந்து கையைக் கழுவிய பிறகுதான் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். நீ சின்னப் பிள்ளை, ஒரு தரம் "அப்பா கழுகைப் பாக்கப் போறாரு!" என்று தெருவெல்லாம் கத்திவிட்டாய். அன்றைக்கு அப்பா பனிச்சறுக்குக் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அவர்கள் நம் வேலைக்காரர்களா, மணி பார்த்து வந்து நிற்க? வருவார்கள் என்று எழுதினால் அது பெருமை பேசுவது. பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு இறகுகூடக் கண்ணில் படாது.

பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை போகவே இல்லை. அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே கொடுத்துவிட்டேன். மற்ற ஐந்துக்கும் சேர்த்து எழுபதுக்கு ஐம்பத்தாறு. தேற நூற்றுக்கு அறுபது வேண்டும். நாலில் போயிற்று.

ஸ்டெய்னாருக்குத் தொண்ணூற்று நாலு. முன் இருக்கை அவனுக்கு. எனக்குப் பானை. இந்த வருஷம் அவன் நிலைத்துவிட்டால் அந்த இருக்கை அவனுடையதுதான் என்று கிரேத்தா சொல்லிவிட்டாள்.

திட்டுவதென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.
அக்கா ராவ்னா


ஓஸ்லோ
30 ஜனவரி 1995

அக்காவுக்கு வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

வாத்தியாராகத் திருத்தியிருந்தால் நானும் உனக்கு ஐம்பத்தாறுதான் போட்டிருப்பேன். தங்கையாக உன் கடிதத்தைப் படித்தபோது அப்பாவின் குரல் கேட்டது.

இங்கே பனி குறைவு. நலமாகவே இருக்கிறேன்.

மாரித்


உன்யார்கா
14 பிப்ரவரி 1995

தங்கைக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. கை வலிக்கிறதா? மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி?

முதல் பயணம் போன சனிக்கிழமை நடந்தது. பதினாலு விருந்தாளிகள். ஸ்டெய்னார் மைக்கைப் பிடித்து, பதினொன்றுக்கு இது, பன்னிரண்டேகாலுக்கு அது என்று ரயில் நிலையத்தில் அறிவிக்கிறமாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு பெயரும் என் முதுகில் ஊசியாகக் குத்தியது. கடைசி வரிசையில் பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றுக்குத் துறைமுகத்தில் இரண்டு கடற்காகம். பன்னிரண்டேகாலுக்கு மேட்டில் ஒரு தந்திக்கம்பம். அவ்வளவுதான்.

என் குழம்பை எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் கிரேத்தாவிடம் போய், "குழம்புக்காக மூவாயிரம் கிலோமீட்டர் வரணுமா?" என்று கேட்டாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் பயணத்தையே நிறுத்திவிடுவேன் என்கிறாள் அவள். நிறுத்திவிட்டால் எனக்கு முன் இருக்கையும் இல்லை, பின் இருக்கையும் இல்லை.

அவர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் மாரித். பேசாதே என்று சொன்னார்கள், நானும் ரோஷத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் இப்போது மனதை அறுக்கிறது.

உடனே எழுது.
அக்கா ராவ்னா


உன்யார்கா
5 மார்ச் 1995

மாரித்! போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, அதற்குள் இன்னொன்று எழுதும்படி ஆகிவிட்டது. சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், இப்போது பொறுமை இல்லை. நேற்று நடந்ததைக் கேள்.

மூன்று நாளாக ஒரே கிழக்குக் காற்று. கிளம்பும்போது பதினாலு டிகிரி உறைகுளிர். பதினேழு விருந்தாளிகள். மூன்று ஆங்கிலேயர்கள், ஆள் உயர மூன்றுகால் தொலைநோக்கிகளோடு. ஒரு டச்சுக்காரி, பெயர் ஃபெம்கெ, என்னைவிட வயதானவள், இதற்கென்றே இரண்டு வருஷம் காத்திருந்தாளாம். கிரேத்தாவும் ஏறிக்கொண்டாள். ஏன் ஏறினாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டெய்னார் மறுபடி அட்டவணையை வாசித்தான். துறைமுகத்தில் இறங்கினோம். அலை மதிலைத் தாண்டி அடித்தது. ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் நின்றார்கள். ஆங்கிலேயர்கள் தொலைநோக்கிக் கால்களை மடக்க ஆரம்பித்தார்கள்.

ஆந்தராஸுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஸ்டெய்னார் சார், உங்க அட்டவணை அவங்களுக்குத் தபால்ல இன்னும் வந்து சேரலை போலிருக்கே," என்றான்.

பாவம் ஸ்டெய்னார், அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தான். எல்லோரும் ஏறிய பிறகு பஸ்ஸின் கடைசி வரிசைக்கு வந்தான். என் பானைக்குப் பக்கத்தில் குந்தினான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது.

"ராவ்னாம்மா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்னைப் பேச வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே."

"நான் கேக்கறேன். பேசுங்க."

"இங்கேருந்து பேசினா யாருக்குக் கேக்கும்? மைக் எங்க?"

அவன் கிரேத்தாவைப் பார்த்தான். கிரேத்தா கூரையைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்," என்றாள். பானையை ஸ்டெய்னாரின் மடியில் வைத்தேன். பதினேழு பேரையும் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த இருக்கை சூடாக இருந்தது மாரித்! கீழேயே சூடு வருகிறது. இத்தனை நாளும் இவன் இந்தச் சொகுசில் உட்கார்ந்து பேசியிருக்கிறான்!

மைக்கில் நம் நாட்டு மொழியில் பேசினேன், ஸ்டெய்னார் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சொன்னான். "நான் ராவ்னா. இன்னிக்கு எதைப் பாப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கேக்கவும் கேக்காதீங்க. கண்ணாடியைத் துடைச்சு வெச்சுக்கோங்க." ஒரு ஆங்கிலேயர் சிரித்தார். "இதுவரைக்கும் கேட்டதிலயே இதுதான் நேர்மையான பேச்சு," என்றாராம்.

ஆந்தராஸை மேற்கே திருப்பச் சொன்னேன். "அங்க ஒரு பழைய படகுக் கொட்டகைதானே இருக்கு?" என்றான். "திருப்புடா," என்றேன். மூன்று நாள் கிழக்குக் காற்று அடித்தால் கொட்டகை இருக்கும் நில முனைக்கு மேற்கேதான் தண்ணீர் தூங்கும். அப்பா வலை போட்ட இடம். நீரோட்டம் சிப்பியெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற இடம்.

பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு இருநூறு அடி நடக்க வைத்தேன். பேச்சு கூடாது, விரல் நீட்டக் கூடாது. கொட்டகைச் சுவரை ஒட்டி எல்லோரையும் குனிய வைத்தேன். முதலில் தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது, கடற்பாசி மாதிரி. "பாசிக்கா கூட்டிட்டு வந்தே?" என்று ஆந்தராஸ் என் காதில் சொன்னான். அப்போது மேகம் விலகிற்று. அந்தக் கோடு திரும்பியது. ஒவ்வொரு தலையிலும் ஆரஞ்சுச் சுளை வைத்த மாதிரி ஒரு குமிழ். இப்போது சொல்லலாம், முடிந்துவிட்டதே: அரச வாத்துகள், மாரித்! ஆங்கிலேயர்கள் நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினார்கள். அதற்குள் வெண்வால் கழுகு ஒன்று மேலே வந்தது. மொத்தக் கூட்டமும் ஒரே அடியாக முங்கிற்று, தண்ணீர் வெறுமையாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தன, கைதட்டுகிற சத்தத்தோடு. அந்த மூன்று பேரில் பெரியவருக்கு மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினார். கண்ணாடியைத்தான் திட்டினார் என்று ஸ்டெய்னார் சொன்னான்.

மேட்டில் மான்களும் இருந்தன. நம் மருமகன் நீலாஸின் கூட்டம், காற்றுக்கு மறைவான பள்ளத்தில். "இவருக்கு மொத்தம் எத்தனை மான்?" என்று ஒருவர் கேட்டார். நீலாஸ் வானத்தைப் பார்த்துவிட்டான். நான் மைக் இல்லாமலேயே, "உங்க வங்கிக் கணக்குல எவ்வளவு இருக்குன்னு நீங்க முதல்ல சொல்லுங்க, அப்புறம் அவன் சொல்லுவான்," என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. கேட்டவர்தான் அதிகம் சிரித்தார்.

பிறகு கூடாரம். பிர்ச் விறகு, நடுவில் நெருப்பு, என் பானை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் கேரட்டும், வேறொன்றும் இல்லை, உப்பு மட்டும். காப்பியின் முதல் சொட்டை நெருப்புக்குக் கொடுத்தேன். நல்லி எலும்பைப் பிளந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்த ஜெர்மன்காரர் இல்லாமல் போய்விட்டாரே என்று இருந்தது.

அப்போது டச்சுக்காரி ஃபெம்கெ அசையாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன். முப்பது அடி தள்ளிப் பனியில் பனி உட்கார்ந்திருந்தது. இரண்டு கண், ஒரு மூக்கு, மூன்று கறுப்புப் புள்ளி. பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்காதவர். ஸ்டெய்னார் பார்த்துவிட்டான். அவன் வாய் திறந்தது. எனக்குத் தெரியும், பெயரைத்தான் கத்தப்போகிறான். கையிலிருந்த நல்லி எலும்பை அப்படியே அவன் வாயில் வைத்து அடைத்தேன். கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கண் இரண்டும் தட்டுப் போல. காப்பி மூன்று தடவை பொங்கி அடங்குகிற நேரம் அவர் அங்கேயே இருந்தார். பிறகு எழுந்து, உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு, தன் வழியே போனார்.

பனிநரி! வெள்ளைப் பனிநரி!

ஸ்டெய்னார் எலும்பை எடுத்துவிட்டு முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ராவ்னாம்மா, உப்பு சரியா இருக்கு." அவன்மேல் எனக்கிருந்த கோபம் அத்தனையும் அந்த இடத்திலேயே போய்விட்டது.

திரும்பும்போது மைக்கை எடுத்து, பார்த்தவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் பஸ்ஸே கைதட்டியது.

இன்று காலையில் மேஜையில் உட்கார்ந்து ஆறாவது கேள்விக்கு விடை எழுதிவிட்டேன். மார்ச் நாலு, இடம், மணி, எத்தனை பேர், எல்லாம். ஒரு வரிகூட விடவில்லை. கிரேத்தா தானும் ஒரு கடிதம் எழுதி, விருந்தாளிகள் பதினேழு பேரிடமும் கையெழுத்து வாங்கி, இதோடு சேர்த்துப் பரீட்சை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள்.

நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை எப்படி?
அக்கா ராவ்னா


ஓஸ்லோ
20 மார்ச் 1995

அக்காவுக்கு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மிகவும் பெருமையாக இருக்கிறது. நான் நலம். இங்கே வெயில் வர ஆரம்பித்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாரித்


உன்யார்கா
6 ஏப்ரல் 1995

என் தங்கைக்கு. நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

அலுவலகத்தில் என் விடைத்தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சண்டை போட்டார்களாம். பார்ப்பார்கள் என்று கேட்டால் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாளே என்று ஒருவர். அதைவிட நம்பத் தகுந்த விடை வேறென்ன என்று இன்னொருவர். நாலு மதிப்பெண்ணுக்குள் தோற்றவர்களை நேரில் சோதிக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறதாம். போன வாரம் ஒரு பெரியவர் வந்து பஸ்ஸில் ஏறினார், கையில் அட்டையும் பென்சிலும். "இன்னிக்கு என்ன காட்டுவீங்க?" என்று ஏறின உடனேயே கேட்டார். "கையைக் கழுவினப்புறம் சொல்றேன்," என்றேன். மாலையில் நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவரே தன் கையால் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து முப்பதுக்கு முப்பது போட்டார்.

உரிமம் வந்துவிட்டது. என் படம், என் பெயர், அரசாங்க முத்திரை. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். முன் இருக்கை என்னுடையது. ஸ்டெய்னாரும் இருக்கிறான். அவன் ஆங்கிலத்தில் சொல்கிறான், காதை மூடக் கற்றுக்கொண்டான், தினமும் காலையில் காற்று எந்தப் பக்கம் என்று முதலில் என்னைக் கேட்கிறான்.

இன்னும் கேள். அடுத்த வருஷத்துப் பரீட்சைக்குக் கேள்வி எழுத மூன்று பேரை வைக்கிறார்கள். அந்த மூன்றில் ஒருத்தி உன் அக்கா. அஞ்சாம் வகுப்பு! முதல் கேள்வியை எழுதிவிட்டேன். இதுதான்: "விருந்தாளி ஒருவருக்குக் குளிர் தாங்கவில்லை. ஆனால் நலமாக இருக்கிறேன் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

விடை எனக்குத் தெரியும். இத்தனை பயணத்தில் பார்த்துவிட்டேன். நடுங்குகிறவர்களைப் பற்றிப் பயமில்லை, அவர்கள் நடுங்கிக்கொண்டே "அது என்ன, இது என்ன" என்பார்கள். குளிர் உள்ளே போய்விட்டவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். உடனே அவரை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

மாரித், நேற்று உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அக்டோபரில் என்னை மூச்சுவிடவிடாமல் கேட்டாய். டிசம்பரிலும் கேட்டாய். ஜனவரிக் கடிதத்தில் ஒரு கேள்வி இல்லை. மார்ச்சிலும் இல்லை. பனிநரியைப் பார்த்தேன் என்று எழுதுகிறேன், எவ்வளவு பெரியது என்றுகூட நீ கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெயர் டிசம்பருக்குப் பிறகு உன் கடிதத்தில் வரவே இல்லை. நான் இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை.

என்ன நடந்தது என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கிளம்பி வா. இந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் ஏப்ரல் இருபத்தொன்பது. உன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டேன். கிரேத்தாவிடம் கேட்கவில்லை, பட்டியல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா ராவ்னா


ஓஸ்லோ
12 ஏப்ரல் 1995

அக்கா,

ஹாகோன் டிசம்பர் பத்தாம் தேதியிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். முதலில் வீட்டுக்கு வரும் வழி மறந்தது, பிறகு வீடு மறந்தது, பிப்ரவரியில் நான் அவருக்கு மறந்துபோனேன். நீ ஜெயிக்கிற வருஷத்தில் இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். மகன் ஒரு வாரம் விடுப்பு எடுத்து அவரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டான்.

விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். இருபத்தேழாம் தேதி மதியம் வந்து இறங்குகிறேன். யார் கூட்டிப்போக வருவார்கள்? ஆந்தராஸா? அவன் இன்னும் அப்படித்தான் ஓட்டுகிறானா? கம்பளிக் காலுறை எத்தனை ஜோடி கொண்டுவர வேண்டும்? என் நீல உடுப்பு உன்னிடம்தானே இருக்கிறது, இப்போது எனக்குப் பொருந்துமா, இல்லை இடுப்பைப் பிரித்துத் தைக்க வேண்டுமா? அந்த டச்சுக்காரி ஃபெம்கெ பிறகு கடிதம் போட்டாளா? நரியின் வால் உடம்பு நீளத்துக்கு இருந்ததா? எலும்பை வாயில் வைத்தபோது ஸ்டெய்னார் உன் விரலைக் கடிக்கவில்லையே? உன் கேள்வியில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லையே, யார் திருத்திக் கொடுத்தார்கள்? குழம்பில் நிஜமாகவே உப்பு மட்டும்தானா? அப்பா வலை போட்ட இடத்தில் அந்தப் பெரிய கல் இன்னும் இருக்கிறதா? அன்றைக்கு நான் எங்கே உட்கார வேண்டும்? முன் இருக்கையில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்குமா?

நீ மைக்கில் பேசும்போது நான் குறுக்கே கேள்வி கேட்கலாமா?

மாரித்